மூன்றடி பயம்

ஜூலை 1970. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். கோல்ஃப் ஆட்டத்தின் தாய்வீடு என்பார்களே, அதுதான். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசிக் குழி. டக் சாண்டர்ஸ் என்கிற அமெரிக்கர் நிற்கிறார். பந்துக்கும் குழிக்கும் நடுவே சுமார் மூன்றடி. மெல்ல ஒரு தட்டு. உள்ளே போனால் கோப்பை அவருக்கு.

சாண்டர்ஸ் சாதாரண ஆள் இல்லை. ஜார்ஜியாவில் பருத்திக் காட்டில் வளர்ந்து, அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர். காலணி முதல் சட்டை வரை கண்ணைப் பறிக்கும் கலரில் வருவார். ஆனால் கோல்ஃபில் 'மேஜர்' எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றைக்கூட ஜெயித்ததில்லை.

பந்தை அடிக்கக் குனிந்தவர் கண்ணில் ஏதோ ஒரு துரும்பு பட்டது. கூட்டத்தில் லேசான சிரிப்பு. கையை நீட்டி அதை எடுத்துப் போட்டார். ஒருமுறை விலகி நின்று, மூச்சு விட்டுவிட்டு வந்திருக்கலாம். செய்யவில்லை. நின்ற நிலையிலேயே தட்டிவிட்டார். பந்து குழிக்கு வலப்பக்கமாக நழுவிப் போனது. போட்டி சமன். மறுநாள் மீண்டும் பதினெட்டு குழிகள். ஜாக் நிக்லஸ் 72, சாண்டர்ஸ் 73. முடிந்தது.

அந்த அடியைப் பற்றி இன்னமும் யோசிப்பீர்களா என்று பல வருடங்கள் கழித்துக் கேட்டார்கள். 'சில சமயம் ஐந்து நிமிடம் வரை யோசிக்காமல் இருக்கிறேன்' என்கிற மாதிரி சொன்னார். 2020-ல் அவர் இறந்தபோதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூன்றடிதான்.

நான் பி.காம் படித்தவன். எனக்கு இந்தக் கணக்குதான் வேடிக்கையாக இருக்கிறது. முந்நூறு கஜம் பறக்கும் அடிக்கும் ஒரு எண்ணிக்கை. மூன்றடி உருளும் தட்டுக்கும் அதே ஒரு எண்ணிக்கை. 72 அடிகளில் முடிக்கவேண்டிய ஆட்டத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் இந்த 'பட்டிங்' கணக்கில்தான் ஒதுக்கப்படுகின்றன. பாதி! (அதற்கான மட்டைக்குப் பெயர் பட்டர். வெண்ணெய் இல்லை.) குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்து 1.68 அங்குலம். இடம் தாராளமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் தவறுகிறது?

கேரம் ஆடியவர்களைக் கேளுங்கள். கடைசிக் காய், ஓட்டைக்கு விரற்கடை தூரம், சுற்றிலும் நாலு பேர். விரல் நடுங்குமா, நடுங்காதா?

ஆக, பழக வேண்டியது கையை மட்டுமல்ல, நடுக்கத்தையும்தான். ஆனால் தனியாக நின்று பயிற்சி செய்யும்போது நடுக்கத்துக்கு எங்கே போவது?

இதற்கு ஒரு வழி வைத்திருந்தார் ஜாக்கி பர்க். 1956-ல் மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இரண்டையும் ஜெயித்தவர். நூறு வயதைத் தாண்டி 2024-ல்தான் மறைந்தார். அவரிடம் யோசனை கேட்கப் போனார் ஃபில் மிக்கெல்ஸன் என்கிற இடதுகை ஆட்டக்காரர். அபாரத் திறமை. ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட மேஜர் போட்டிகள் ஆடியும் ஒரு பட்டம் கிடையாது. 2001-ல் ஒரு பி.ஜி.ஏ. பட்டம், பதினாறாவது குழியில் மூன்று தட்டு தட்டியதில் கைநழுவியிருந்தது.

பர்க் சொன்னது ரொம்ப எளிமையான வேலை. மூன்றடி தூரத்திலிருந்து தொடர்ந்து நூறு முறை குழியில் போடவேண்டும். அவ்வளவுதான். குழியைச் சுற்றி வட்டமாகப் பத்துப் பந்துகளை வைத்துக்கொண்டு, பத்துச் சுற்று வந்தார் மிக்கெல்ஸன். வட்டம் எதற்கு? குழி இருக்கும் புல்தரை சிமெண்ட் தளம் அல்லவே. ஒரு பந்து மேட்டில் ஏறும், அடுத்தது சரிவில் ஓடும். ஒன்று இடப்பக்கம் வளையும், இன்னொன்று வலப்பக்கம். எல்லாத் திசையும் பழகிவிடும்.

சூட்சுமம் அதில் இல்லை, விதியில் இருக்கிறது. நடுவே ஒன்று தவறினால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். முதல் முப்பது விளையாட்டு. அறுபதில் முதுகு வலிக்கும். தொண்ணூற்றேழாவது பந்தின் முன்னால் நிற்பவரை யோசித்துப் பாருங்கள். கோப்பை இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் ஒரு மணி நேர உழைப்பு மொத்தமும் அந்த ஒரு தட்டில். சாண்டர்ஸின் நிலைமை, காசு செலவில்லாமல் தயார்!

இன்னொரு லாபமும் உண்டு. மூன்றடி நிச்சயம் என்றால் பதினைந்து, இருபது அடியைத் தைரியமாகத் தட்டலாம். தாண்டிப் போனால்தான் என்ன, திரும்பி வரும் தட்டு கைவசம் இருக்கிறதே.

ஏப்ரல் 2004, அகஸ்டா மைதானம். மாஸ்டர்ஸ் கடைசிக் குழி. மிக்கெல்ஸனுக்கு 18 அடி. ஆட்டத்தை முடித்துவிட்ட எர்னி எல்ஸ், சமன் ஆனால் மறுபடி ஆடவேண்டுமே என்று பயிற்சித் தரையில் காத்திருந்தார். பந்து உள்ளே விழுந்தது. மிக்கெல்ஸன் துள்ளிக் குதித்தார். முதல் மேஜர்!

ஜெயித்துவிட்டார், சுபம் என்று இங்கேயே முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே வருடம், இரண்டே மாதத்தில், ஷின்னகாக் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் நடந்தது. கடைசி நாள், பதினேழாவது குழி. ஐந்தடி தூரம், இறக்கம். தட்டினார், குழியைத் தாண்டி ஓடியது. திரும்பத் தட்டினார், அதுவும் போகவில்லை. மூன்று தட்டு. கோப்பை ரெட்டீஃப் கூசன் கைக்குப் போனது.

அப்புறம் மிக்கெல்ஸன் இன்னும் ஐந்து மேஜர் ஜெயித்தார். கடைசியாக 2021-ல், ஐம்பது வயதில். அமெரிக்க ஓப்பனில் மட்டும் ஆறு முறை இரண்டாம் இடம்.