ஒப்பந்த எடை வரம்பு (குத்துச்சண்டை)

ஒப்பந்த எடை வரம்பு என்பது தொழில்முறைக் குத்துச்சண்டையில் மோதவிருக்கும் இருவரும் தாண்டக்கூடாது என ஒப்பந்தத்தில் குறிக்கப்படும் உச்ச எடை ஆகும். பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கப்படும்.

தண்டனைகள்

வரம்பை மீறியவர் எதிராளிக்குப் பணம் செலுத்த நேரிடலாம்; பட்டப் போட்டியாயின் பட்டம் வெல்லும் தகுதியை இழப்பார். எதிராளி இசைந்தால் போட்டி நடைபெறும். 2025 ஏப்ரலில் இலண்டனில் கானர் பென்னுடன் மோதிய இளைய கிறிஸ் யூபேங்க், 160 பவுண்டு வரம்பை 0.05 பவுண்டு (ஏறத்தாழ 23 கிராம்) மீறினார். இதற்காக அவர் ஏறத்தாழ 5 இலட்சம் அமெரிக்க டாலர் இழந்தார். ஆயினும் மறுநாள் போட்டியில் வென்றார்.

ஒலிம்பிக்குடன் ஒப்பீடு

ஒலிம்பிக்கில் இவ்வாறு பணம் செலுத்தித் தப்ப இயலாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்குத் தேர்வான இந்திய வீராங்கனை வினேஷ் போகட், இறுதிப் போட்டி நாளன்று 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். பதக்கம் ஏதும் கிட்டவில்லை.