சர்ஃப் இசையின் டிரம் மரபு: க்ரூபா வழியா, பள்ளிக்கூட வழியா?

சர்ஃப் இசைக்கு எத்தகைய டிரம் செட்டும் எத்தகைய சிம்பல்களும் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு இதுகாறும் அளிக்கப்பட்டு வரும் விடை பெரும்பாலும் ஒரே பரம்பரைக் கதையை ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. 1937-இல் பென்னி குட்மன் குழுவின் ‘சிங், சிங், சிங்’ இசைத்தட்டில் டாம்-டாம்களுக்கு முதன்மை தந்த ஜீன் க்ரூபாவிடம் தொடங்கி, அவரைக் கேட்டு வளர்ந்த கிதார் கலைஞர் டிக் டேலிடம் வந்து, டேலிடமிருந்து தென் கலிபோர்னியாவின் இளைஞர் குழுக்களுக்குப் பரவியதே இந்தத் தாளம் என்பது அக்கதை. டேல் தம் வாயாலேயே க்ரூபாவைத் தம் மூலபுருஷராகப் பலமுறை சொல்லியிருப்பதால், அவருக்குப் பின் எழுதியவர்கள் அதை ஆராயாமலே ஏற்றுக்கொண்டனர். இந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை. மற்றப் பாதியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். பாஸ் டிரம், ஸ்நேர், பாஸ் டிரம்மின் மேல் தொங்கும் சிறிய டாம், தரையில் மூன்று காலூன்றி நிற்கும் பெரிய டாம் என்ற நான்கு வாத்தியங்களின் சேர்க்கையை உலகறியச் செய்தவர் க்ரூபாவே. மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் சுருதி கூட்டத்தக்க டாம்-டாம்களை ஸ்லிங்கர்லாண்டு கம்பெனி உருவாக்கத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே. கான்ஸ்டாண்டிநோபிள் வழிவந்த ஜில்ஜியான் குடும்பத்தின் அவேடிஸ், 1929-இல் மாசசூசெட்ஸில் சிம்பல் வார்க்கத் தொடங்கிய பின்னர், மேலும் மெல்லிய தகடுகளை அவரிடம் கேட்டு வாங்கியவர்களிலும் க்ரூபா முக்கியமானவர். சர்ஃப் குழுக்களின் மேடையில் நின்ற டிரம் செட்டின் உருவம் க்ரூபாவின் சொத்து என்பதில் ஐயமில்லை.

ஆனால் உருவத்தைத் தந்தவரே வாசிப்பையும் தந்தார் என்பது எவ்வாறு ஸ்தாபிக்கப்படுகிறது? டேலின் சாட்சியத்தைக் கூர்ந்து நோக்கினால், க்ரூபாவின் தாளத்தையும், லெபனான் வழிவந்த தம் மாமாவிடம் கற்ற தரபக்கி என்னும் கைம்முழவின் தாளத்தையும் கிதாரின் தந்திகளுக்குக் கொண்டுவந்ததாகவே அவர் சொல்கிறார் என்பது புலப்படும். அது அவருடைய வலக்கையின் விரைவான மீட்டலைப் பற்றிய சாட்சியமேயன்றி, அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தவரின் வாசிப்பைப் பற்றியது அன்று. மற்றக் குழுக்களின் டிரம்மர்களைப் பற்றியது என்று கொள்ளவோ எவ்வித இடமும் இல்லை. கிதாரைக் குறித்த ஒரு கூற்றை டிரம்முக்கு மாற்றி, ஒருவரைக் குறித்ததை ஒரு பிரதேசம் முழுமைக்கும் விரித்தது பின்வந்தோர் செய்த பிழை.

வாசிப்பின் இலக்கணமும் இதற்கு மாறாகவே நிற்கிறது. க்ரூபாவின் டாம்-டாம் நடை ஸ்விங் நடை. அதாவது ஒவ்வோர் அடியும் மும்மூன்றாகப் பகுக்கப்பட்டு, நீண்டும் குறுகியும் ஊசலாடுவது. சர்ஃப் நடையோ அடியைச் சமபாகங்களாக வெட்டிச் செல்வது: முதலடியிலும் மூன்றாமடியிலும் பாஸ் டிரம், இரண்டாமடியில் அடுத்தடுத்து இருமுறை ஸ்நேர், நான்காமடியில் ஒருமுறை ஸ்நேர். ஊசலாடும் நடை நேர்நடையாக மாறியதற்கு நியூ ஆர்லியன்ஸில் லிட்டில் ரிச்சர்டின் இசைத்தட்டுகளில் வாசித்து, 1957-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடியேறிய ஏர்ல் பாமர் போன்றோரைக் காரணம் காட்டலாம். அதே நகரத்தில் சாண்டி நெல்சன் 1959-இல் ‘டீன் பீட்’, 1961-இல் ‘லெட் தேர் பீ டிரம்ஸ்’ என்று டிரம்மையே கதாநாயகனாக்கி வெளியிட்ட தட்டுகளையும் காட்டலாம். க்ரூபாவிடமிருந்து நேராக ஒரு கோடு இழுப்பவர்கள் இவ்விருவரையும் தாண்டிக் குதித்தே இழுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கில் நான் முதன்மைச் சான்றாகக் கருதுவது சர்ஃபாரிஸ் குழுவின் ‘வைப் அவுட்’ இசைத்தட்டே. க்ளெண்டோராவைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள், குகமோங்காவில் பால் பஃப் தம் கையாலேயே சமைத்த ஐந்து தட ஒலிப்பதிவுக் கருவியோடு நடத்திவந்த பால் ஸ்டூடியோவில், ‘சர்ஃபர் ஜோ’ என்ற பாட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக வாசித்தது அது. ஒலிப்பதிவு நடந்தது 1962-இன் இறுதியிலா, 1963-இன் தொடக்கத்திலா என்பதில் கூற்றுகள் ஒத்துப்போகவில்லை; ஒன்றைப் பிடித்து மற்றதைத் தள்ளுவதற்குரிய பலம் எதற்கும் இல்லை. முதலில் சிறு முத்திரைகளில் வெளிவந்து, பின்னர் டாட் கம்பெனியின் வாயிலாக நாடெங்கும் பரவி, 1963-இல் பில்போர்டு பட்டியலில் இரண்டாமிடத்தை எட்டியது.

அதில் ரான் வில்சன் தனித்து வாசிக்கும் பகுதியை, மற்ற வாத்தியங்களை மறந்து, செவிக்கு மிக அருகில் வைத்துக் கேட்க வேண்டும். இரு கைகளும் மாறிமாறி இடைவெளியின்றிப் பொழியும் அடிகள் எல்லாம் கால அளவில் ஒன்றுபோலவே இருக்கின்றன; வேறுபாடு அழுத்தத்தில் மட்டுமே. அழுத்தமான அடிகளை மட்டும் பொறுக்கியெடுத்தால் அவையே ஒரு ராகமற்ற பாட்டாக ஒலிக்கின்றன. இது அணிவகுப்பு டிரம்மின் இலக்கணம். வில்சன் சார்ட்டர் ஓக் உயர்நிலைப் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் வாசித்தவர் என்பதும், அக்குழுவின் நடைத்தாளத்தையே வேகம் கூட்டி இங்கே பிரயோகித்தார் என்பதும் வழிவழி வந்த செய்தி; அச்செய்தி இல்லாவிடினும் தட்டே அதைச் சொல்லிவிடும்.

பிரஸ்டன் எப்ஸ் 1959-இல் வெளியிட்ட ‘பாங்கோ ராக்’கின் சாயல் இதில் உண்டென்பார் உளர். சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. எனினும் விரல்களும் உள்ளங்கையும் சேர்ந்து எழுப்பும் பாங்கோவின் நாதத்தில், இரு குச்சிகளும் சமபலத்தோடு இறங்கும் இந்தக் கட்டுப்பாடு பிறப்பதில்லை. கடலலையைப் போலச் செய்ததே இந்தத் தாளம் என்னும் மற்றொரு கொள்கையை நீண்ட நேரம் மறுக்கத் தேவையில்லை: க்ளெண்டோராவும் குகமோங்காவும் கடற்கரை ஊர்கள் அல்ல, சான் கேப்ரியல் மலையடிவாரத்து ஊர்கள்.

இனி நான் சொல்வதற்கு நேர்ச்சான்று குறைவு. ஆயினும் இதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். க்ரூபாவையும் வில்சனையும் பிரிப்பது கால் நூற்றாண்டு மட்டுமன்று, தோலும்கூட. க்ரூபா வாசித்தது கன்றுத்தோல். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குகிற நம் நாட்டுக் கலைஞர்கள் அறிந்ததுபோல, தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், சுருதி இறங்கும். 1950-களின் பிற்பகுதியில் மைலார் என்னும் பிளாஸ்டிக் படலம் தோலின் இடத்தைப் பிடித்தது. ரெமோ பெல்லி ஹாலிவுட் பகுதியில் கம்பெனி தொடங்கி ‘வெதர் கிங்’ தோலை வெளியிட்டது 1957-இல். 1961 கோடையில் டேலின் குழு பல்போவாவில் ரெண்டெவூ நடனசாலையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கடலை ஒட்டிய அந்தக் கட்டடத்தின் உப்பீரக் காற்றில் இரவெல்லாம் தளராமல் ஒலிக்கத்தக்கது கன்றுத்தோலா, மைலாரா? வேகமான சமநடை அடிகளுக்குக் குச்சியை உடனே திருப்பியெறியும் தோல் வேண்டும். பதினாறு அங்குல டாமில் கன்றுத்தோல் அதை மனமின்றிச் செய்கிறது, மைலார் எளிதாகச் செய்கிறது. டேலுக்காக லியோ ஃபெண்டர் மேலும் மேலும் உரத்த ஒலிபெருக்கிகளைச் செய்துகொடுத்த காலத்தில், மைக் இன்றி அவற்றோடு போட்டியிட வேண்டிய டிரம்முக்குக் கூர்மையான தொடக்க ஒலி அவசியமாயிற்று. இம்மூன்று காரணங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆகவே, சர்ஃப் ஒலியைத் தேடுகிறவர் பழைய டிரம் கூட்டையும் அதன்மீதுள்ள முத்திரையையும் ஆராய்வதற்கு முன், பூச்சுள்ள ஒற்றைப் படலத் தோலை இருபுறமும் பூட்டி, கம்பளியோ துணியோ வைத்து நாதத்தை அடக்காமல், சற்று உயர்த்திச் சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். சர்ஃப் டிரம் என்றால் லட்விக்தான் என்ற நம்பிக்கை, 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பின் அக்கம்பெனிக்கு ஏற்பட்ட கீர்த்தியின் நிழல் பின்னோக்கி விழுந்ததால் வலுப்பெற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. சர்ஃப் அலை எழுந்த ஆண்டுகளில் லட்விக், ஸ்லிங்கர்லாண்டு, கிரெட்ச், ராஜர்ஸ் ஆகிய நான்கும் கடைகளில் இருந்தன. முத்திரையைவிட அளவு முக்கியம்: இருபத்திரண்டு அங்குல பாஸ் டிரம், பதின்மூன்று அங்குல டாம், பதினாறு அங்குலத் தரை டாம். ஜாஸ் வாசிப்போர் விரும்பிய இருபது, பதினெட்டு அங்குல பாஸ் டிரம்களில் அந்த நடனசாலைக்கு வேண்டிய வயிறு இல்லை.

சிம்பல் விஷயத்தில்தான் க்ரூபா வழியினரின் உபதேசம் நேராகவே தீங்கு செய்கிறது. அவர் விரும்பிய மெல்லிய தகடு நீண்டு பரவி இரைவது. ஸ்விங் குழுவின் ஊதுவாத்தியங்களுக்கு அது அழகு. ஆனால் 1961-இல் கிதார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ஃபெண்டர் கம்பெனியின் தனி ரிவர்ப் பெட்டி வந்தபின், கிதாரே அந்த மேல்சுருதி இரைச்சலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே இடத்தில் இரண்டு இரைச்சல்கள் மோதினால் மீட்டலின் ஒவ்வொரு அடியும் மங்கிவிடும். வில்சனின் தனிப்பகுதி சிம்பல்களை ஒதுக்கி டாம்களின் மீதே நடப்பதையும் இங்கே நினைக்கலாம். நடுத்தரக் கனமுள்ள, குச்சி படும் ஒலி தெளிவாகப் பிரியும் இருபது அங்குல ரைடு ஒன்று, பதினாறு அல்லது பதினெட்டு அங்குல க்ராஷ் ஒன்று, பதினான்கு அங்குல ஹை-ஹாட் ஜோடி ஒன்று: இவற்றுக்கு மேல் தேவையில்லை. இதிலும் கால வேறுபாடு உண்டு. டேலின் 1961-ஆம் ஆண்டு ‘லெட்ஸ் கோ ட்ரிப்பின்’ தட்டில் கிதார் ரிவர்ப் இன்றி வறண்டே ஒலிக்கிறது. அதை ஒட்டி வாசிப்பவர் சற்று மெல்லிய க்ராஷைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதே பால் ஸ்டூடியோவில் பதிவாகி 1963-இல் புகழ்பெற்ற ஷாண்டேஸ் குழுவின் ‘பைப்லைன்’ போல ரிவர்ப் நனைந்த இசையைக் கருதுபவர் க்ராஷைக் குறைத்து, ரைடின் குமிழை அடித்துத் தாளத்தைத் தாங்குவதே நல்லது.