தொழுக்கட்டையும் கைப்பேசியும்

சிறு குற்றத்துக்குத் தண்டனையாக அவமானத்தை வழங்குவது நம் காலம் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அதற்கு இருந்த கால அளவையும் ஊர் எல்லையையும் எடுத்துவிட்டதுதான் நம் காலத்தின் பங்கு. கொங்கு நாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கையில் இது தெளிவாகிறது.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. கிராமங்களின் சில்லறை வழக்குகளைத் தானே விசாரிக்கக் கும்பினிக்கு விருப்பமில்லை. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குவிதி அந்த வேலையைக் கிராமத் தலைவர்களிடம் விட்டது. வசைச் சொல், சிறு கைகலப்பு போன்றவற்றுக்குக் குற்றவாளியை ஊர்ச்சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவன் 'கீழ்ச்சாதி'க்காரனாக இருந்து, இழிவான தண்டனை தருவது தகாததல்ல என்று தோன்றினால், 6 மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டலாம்.

இந்த விதியின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். சாவடிக்குள் அடைபட்டவனை ஊர் பார்ப்பதில்லை. தொழுக்கட்டையில் கால் மாட்டியவனை ஊரே பார்க்கிறது. மானம் உள்ளவன் என்று சட்டம் யாரைக் கருதியதோ அவனுக்கு மறைவிடம்; இல்லாதவன் என்று யாரைக் கருதியதோ அவன் காட்சிப் பொருள். இழப்பதற்கு மானமே இல்லையென்றால் அவமானம் எப்படித் தண்டனையாகும்? அவனுக்கும் மானம் உண்டு என்பது சட்டத்துக்குத் தெரியும். அதைக் காப்பாற்றும் கடமை தனக்கில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

சட்டப் புத்தகத்துக்கு வெளியேயும் இதே முறை நடந்தது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கை, வரி பாக்கிக்காகக் குடியானவனைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதில் உடல் வலி பாதி. பிறர் பார்க்க நிற்பது மறு பாதி.

பழைய ஊரைப் பொற்காலமாக்க இங்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். தொழுக்கட்டைக்கு 6 மணி நேரம் என்று ஒரு வரம்பு இருந்தது. அது முடிந்ததும் திறந்துவிட வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தது. பார்த்தவர்கள் அவனைத் தெரிந்தவர்கள். மறுநாள் அதே வயலில் அவனோடு நிற்க வேண்டியவர்கள். அவர்களுடைய நினைவிலும் அந்த 6 மணி நேரத்தோடு கூட அவனுடைய மற்ற நாட்களும் இருந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளியே வந்தவர்களைத் தெருவில் தோப்புக்கரணம் போடவைக்கும் படங்கள் கைப்பேசிகளில் வந்துகொண்டே இருந்தன. ஏப்ரலில் பல்லடத்தில் எடுக்கப்பட்ட படம் நாடு முழுவதும் போயிற்று. முகக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டரில் வந்த இளைஞர்களைத் திருப்பூர் மாவட்டப் போலீஸார் நிறுத்தி ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். உள்ளே கொரோனா நோயாளி என்று ஒருவர். இளைஞர்கள் அலறி ஜன்னல் வழியாக வெளியேறப் பார்க்கிறார்கள். அவர் நோயாளி அல்ல என்பது கடைசியில் தெரிகிறது. விழிப்புணர்வு என்று சொன்னார்கள். படம் ஒத்திகை பார்த்து எடுத்ததாகவே இருக்கட்டும். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அப்படி நினைத்துச் சிரிக்கவில்லை. ஒருவன் பயந்து கதறுவதைப் பார்த்தே சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கு அனுப்பவும் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து சாத்தான்குளம். அனுமதித்த நேரத்துக்குமேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாக 2020 ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பல்லடத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் சிறு விதியை மீறியவனை என்னவும் செய்யலாம் என்ற சம்மதம் ஒரு நாளில் உருவாவதில்லை. அதில் நம் சிரிப்புக்கும் பங்குண்டு.

2024 செப்டம்பரில் கோவைக் கொடிசியாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னிலையில் அன்னபூர்ணா உணவகங்களின் ஸ்ரீனிவாசன் ஜிஎஸ்டி பற்றிப் பேசினார். பன்னுக்கு வரியில்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றார். அரங்கு சிரித்தது. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அதிகாரத்தின் முன் இப்படிப் பேசக்கூடாது என்ற எழுதாத விதி ஒன்றுதான் மீறப்பட்டது. மறுநாள் ஓர் அறைக்குள் அவர் அமைச்சரிடம் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காட்சியும் வெளியே வந்தது. நகரம் கொதித்தது. அப்போது பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை, தனிப்பட்ட உரையாடல் வெளியானதற்காக மன்னிப்புக் கேட்டார்.

நகரத்தின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது எங்கே எழுந்தது, எங்கே எழவில்லை என்று பார்க்கிறபோது 1816இன் விதி ஞாபகம் வருகிறது. மதிப்புள்ள மனிதர் ஒருவர் அறைக்குள் சொன்னது சாவடியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது என்பதே நம்மைச் சுட்டது. ஸ்கூட்டரில் வந்தவன் தெருவில் கதறியபோது அது பொழுதுபோக்காக இருந்தது. யாருடைய மானம் மறைவுக்கு உரியது, யாருடையது காட்சிக்கு என்ற பாகுபாட்டைச் சட்டம் எழுத்திலிருந்து நீக்கிவிட்டது. நம் பார்வையில் அது இருக்கிறது.

தொழுக்கட்டையை நிறுவ அரசு வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. அதில் மாட்டப்பட்டவனைத் திறந்துவிட வேண்டிய கடமைதான் யாருக்கும் தரப்படவில்லை. நான் அனுப்பிய அந்தப் படத்தை இன்று என் கைப்பேசியில் அழித்துவிட்டேன். வாங்கிய இருவரும் அதை யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.