கல் பகரும் சாட்சியம்: தமிழகத்தின் முதல் மனிதர் எவர்?

ஒரு நிலத்தில் மனிதன் முதன்முதலாக எப்போது அடிவைத்தான் என்னும் வினா எளியது. விடை காண்பதோ அரியது. கொங்கு நாட்டின் தொன்மையைப் பேசும்போது நாம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலைச் சுட்டுவது வழக்கம். குன்னத்தூர் வட்டாரத்தாருக்கு அவ்வூர் அயலூர் அன்று. அங்கே மணிகள் செய்தோரும் இரும்பு உருக்கியோரும் வாழ்ந்தது ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னர். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது எனத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. எனினும் இவையனைத்தும் மனித வரலாற்றின் இறுதிப் பக்கங்களே. அதன் முதற் பக்கத்தைத் தேடுவோர் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

1859இல்தான் ஐரோப்பிய அறிஞர்கள், பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் தொல்பழங்கால மனிதனின் கைவேலையே என ஒப்புக்கொண்டனர். நான்கே ஆண்டுகளில், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய துணைவர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அன்று தொடங்கிற்று. ஆயினும் அக்கருவிகளின் வயதை உறுதியாகக் கூற வல்ல அறிவியல் அன்று இல்லை.

அக்குறை நீங்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் 1999 முதல் அங்கே அகழ்ந்தனர். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லின் மீது விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் படுவதால் அதனுள் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் தோன்றுகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் அவை பெருகுவதில்லை. வெவ்வேறு வேகத்தில் அழிகின்றன. எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் கல் புதைந்த காலம் புலப்படும். இம்முறையால் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்குச் சராசரியாக 15 இலட்சம் ஆண்டு வயது கிடைத்தது; எவ்வாறு குறைத்துக் கணக்கிட்டாலும் 10 இலட்சத்திற்குக் குறையாது. மண்ணடுக்குகளில் பதிந்திருந்த புவிக்காந்தத் திசையும் இதற்கு ஒத்தே நின்றது. 2011இல் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் 2018இல், மேலடுக்குகளில் நுட்பமான சிறு கருவிகள் செய்யும் முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது என மற்றோர் ஆய்வு காட்டியது.

இச்செய்திகளைக் கேட்டதும் 'தமிழன் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தான்' என மேடைகளில் முழங்குவோர் உளர். இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். நம்மை ஒத்த மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயதே சுமார் 3 இலட்சம் ஆண்டுகள்தாம். எனவே கொற்றலைக் கரையில் முதன்முதலாகக் கல்லைச் செதுக்கியோர் நம் இனத்தார் அல்லர். நமக்கு முன் தோன்றி மறைந்த வேறொரு மனித வகையினர். அவர்களுடைய எலும்பு ஒன்றேனும் அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் பேசிய மொழி எது, அவர்களுக்கு மொழி இருந்ததா என்பவை கல்லிடம் கேட்கத்தக்க வினாக்கள் அல்ல.

அமெரிக்கக் கண்டங்களின் நிலை இதனின் வேறானது. அங்கே நம் இனத்தார் மட்டுமே சென்று குடியேறினர் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. ஆதலால் அங்கே கிடைக்கும் தொல்கருவி ஒவ்வொன்றும் நம் இனத்தாருடையதே எனக் கொள்ளலாம். எனினும் காலம் பற்றிய வழக்கு அங்கும் ஓயவில்லை. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குளோவிஸ் ஈட்டிமுனைகளைச் செய்தோரே முதற் குடிகள் என அறிஞர் பலர் நெடுங்காலம் உறுதியாக நம்பினர். 2021இல், நியூ மெக்சிகோவின் வைட் சேண்ட்ஸில் பதிந்துள்ள மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது கூறப்பட்டது. ஐயங்கள் எழுந்தன, 2023இல் வேறு முறைகளால் மீண்டும் அளந்தனர், விடை மாறவில்லை. சான்று வந்தபோது கொள்கைதான் வளைந்தது.

அவ்வாறாயின் நம் இனத்தார் இப்பகுதிக்கு வந்தது எப்போது? சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் படிந்த ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில், சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் உள்ளன. அவற்றைச் செய்தோர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இலங்கையின் பாகியன்கல குகையிலோ, நம் இனத்தார் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என்பதற்கு எலும்பும் கருவியும் ஒருங்கே சான்று பகர்கின்றன.

தொன்மையைப் போற்றுதல் நன்று. ஆயின் சான்று சொல்லாததைச் சான்றின் வாயில் திணித்தல் அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. அத்திரம்பாக்கத்துக் கல் கூறுவது இதுதான்: நாம் வருவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் சிந்தித்துச் செயற்பட்ட கைகள் இருந்தன. அம்மண்ணுக்கு நாம் பிந்தி வந்த விருந்தினர். இவ்வுண்மை நம் பெருமையைக் குறைக்காது, பணிவைக் கற்பிக்கும்.