அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்

1889 ஜூன் 12. அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து, ஞாயிற்றுப்பள்ளிச் சிறுவர்களையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு வாரன்பாயின்ட் கடற்கரைக்கு ஒரு சுற்றுலா ரயில் புறப்பட்டது. நகரைக் கடந்ததும் 75 அடிக்கு ஓரடி உயரும் நீண்ட ஏற்றம். உச்சியை எட்டும் முன்பே எஞ்சின் வலுவிழந்து நின்றது.

ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேலேற்றுவதென முடிவாயிற்று. பெட்டிகளில் வாக்குவம் பிரேக் இருந்தது. ஆனால், எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும்வரை மட்டுமே அது சக்கரத்தைப் பற்றும். இணைப்பைக் கழற்றியதும் பின்பகுதியின் பிடி அற்றுப்போயிற்று. எஞ்சியவை கடைசி வண்டியின் கைபிரேக்கும், சக்கரங்களின்கீழ் வைத்த கற்களுமே. முன்பகுதி சற்றே பின்னகர்ந்து இடித்தது, கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகள் சரிவில் உருண்டோடிப் பின்வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறுவர்.

குழாய் அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக் அன்று புதிதன்று. வெஸ்டிங்ஹவுஸ் 1870களிலேயே அதனை உருவாக்கியிருந்தார். அதில் குழாயின் அழுத்தம் பிரேக்கை விலக்கி வைக்கும். அழுத்தம் போனால் பிரேக் பிடிக்கும். அர்மா விபத்து நிகழ்ந்த மூன்றே மாதங்களுக்குள், பயணிகள் ரயில்களுக்கு இத்தகைய தானியங்கி பிரேக்கைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கட்டாயமாக்கியது. செலவைக் காட்டித் தள்ளிப்போடும் வழி அத்துடன் அடைபட்டது.

சாலையிலும் இதே சிக்கல்தான். பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை முழுவதையும் இழுக்கும் வண்டியின் பிரேக்கே தாங்கவேண்டும். கொக்கி விடுபட்டால் அதுவுமில்லை. அதனாற்றான் பிரிட்டனில் இத்தகைய டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டலாகாது; கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ளத் துணைச்சங்கிலியும் வேண்டும்.

அர்மாவுக்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து, 1989இல் வந்த இந்தியச் சாலைவிதிகள், பழுதான வண்டியை இழுக்கும் வேகத்தை மணிக்கு 24 கிலோமீட்டராகவும் இடைவெளியை 5 மீட்டராகவும் வரையறுத்தன. இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலும் உரிமம் பெற்ற ஒருவர் இருக்கவேண்டும். இல்லையேல் அதன் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கித் தாங்கவேண்டும். கயிற்றின் மறுமுனையும் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

இன்றும் நம் ஊர்களில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் டிராக்டரின் பின்னே டிரெய்லரில் மக்கள் நெருங்கி அமர்ந்து செல்கின்றனர். அவற்றுட் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. மேட்டில் இணைப்பு ஊசி கழன்றால் அவர்களை எது நிறுத்தும்? அர்மா எழுப்பிய கேள்வி அதுவே.