சிராக்கூசின் அரெதூசா காசு

சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அடித்து வெளியிட்ட பத்து திராக்மா வெள்ளிக்காசு இது. எடை ஏறத்தாழ 43 கிராம். கிரேக்கக் காசு சேகரிப்போர் இதைத் தலையாயதாகக் கொண்டாடுவதில் மிகையே இல்லை.

தலைப்பக்கத்தில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், சுற்றிலும் நான்கு டால்பின்கள். அவள் அரெதூசா என்னும் நீரணங்கு. வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிசின் தோழி. கிரேக்க நாட்டின் அல்ஃபியோஸ் ஆற்றில் நீராடியபோது ஆற்றுத் தேவன் மையல் கொண்டு துரத்த, ஆர்ட்டெமிஸ் அவளை ஊற்றாக மாற்றினாள். கடலுக்கடியில் ஓடி, சிராக்கூசின் பழைய ஊரான ஓர்த்தீஜியாவில் மேலெழுந்தாள் என்பது கதை. ஒலிம்பியாவில் அதே ஆற்றில் விழுந்த கிண்ணம் இங்கே மிதந்து வந்ததாகவும் சொன்னார்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ அதை நம்பவில்லை. கடலோரத்தில் அந்த ஊற்றுக்குளம் பாப்பிரஸ் செடிகளோடு இன்றும் இருக்கிறது. டால்பின்கள் சுற்றியுள்ள கடல், நடுவிலிருக்கும் முகம் நன்னீர்: ஊரின் தண்ணீரே ஊரின் முகமாயிற்று.

பின்பக்கத்தில் நான்கு குதிரைத் தேர். தேரோட்டிக்கு வெற்றித் தெய்வம் நைக்கி மாலை சூட்ட வருகிறாள். தேரின் கீழே மார்புக்கவசம், தலைக்கவசம், கேடயம். கி.மு. 413இல் ஏதென்சை வென்றதன் நினைவு இது என்று முன்பு கருதினர்; பின்னர் பலர் சிராக்கூசை ஆண்ட முதலாம் டயோனீசியசின் ஆட்சிக்காலத்துக்குத் தள்ளினர்.

அச்சு செதுக்கியவர்கள் கிமோன், எவாயினெட்டோஸ் இருவரும் தங்கள் பெயரையும் பொறித்தார்கள். கிமோனின் அரெதூசாவுக்குக் கூந்தல் வலைக்குள் அடங்கியிருக்கும். பெயர் நெற்றிப்பட்டையில் கடுகளவு எழுத்துகளில். எவாயினெட்டோஸ் நாணல் இலை சூட்டினார். இந்தத் தலை பெர்செபொனி என்னும் தெய்வம் என்பாரும் உண்டு. எவாயினெட்டோஸ் கழுத்தடியில் இட்ட தன் பெயர், வெள்ளித் துண்டு அச்சைவிடச் சிறிதாகிவிட்டால் விளிம்புக்கு வெளியே போய்விடும். பெயர் முழுதாய் விழுந்த காசுக்குச் சேகரிப்போர் தவம் கிடப்பது அதனால்தான்.

அளவைப் பார்த்து இதை வெறும் பதக்கம் என்றே நெடுங்காலம் அழைத்தனர். பின்னாளில் கிரீட் தீவின் நோசசை அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ் 1892இல் இக்காசுகளையும் செதுக்கியோரையும் பற்றி நூல் எழுதினார். 1930இல் ஆல்பர்ட் கல்லாட்டின் எவாயினெட்டோஸ் வகையை அச்சுவாரியாகப் பிரித்து வெளியிட்டார். ஒரே அச்சில் பிறந்த காசுகளை இனங்காண்பது, போலியைப் பிடிக்கவும் கைகொடுக்கிறது. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்கக் காசுகளைப் போலியாக அடித்து, இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியிலிட்டு, குதிரைவண்டியில் கட்டி ஓட்டித் தேய்மானம் ஏற்றினார். அவருடைய அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன.