தொண்ணூறு கிழக்கு முகடு

தொண்ணூறு கிழக்கு முகடு என்பது இந்தியப் பெருங்கடலின் அடியில், கிழக்கு நெடுங்கோடு 90 பாகையை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் எரிமலைப் பாறைத் தொடர் ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 5,000 கி.மீ. உலகின் மிக நேரான கடலடி முகடுகளுள் ஒன்றாகிய இது, இந்திய நிலப்பகுதி தென்கோளத்திலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்த பாதையின் பதிவாகக் கொள்ளப்படுகிறது.

அமைவிடம்

இம்முகட்டின் தென்முனை தெற்கு அகலக்கோடு 31 பாகைக்கு அருகில், ஆஸ்திரேலியாவின் மேற்கே உள்ள புரோக்கன் முகட்டை அடுத்து அமைந்துள்ளது. அங்கிருந்து வடக்கே அந்தமான் கடற்பகுதி வரை கடற்றரைக்கு மேல் தெளிவாக எழுந்து நிற்கிறது. வடக்கு 10 பாகைக்கு அப்பால் இதைக் கண்ணுறும் வாய்ப்பு இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து குவித்த வண்டல் இதனை மூடியுள்ளது. எனினும் அதிர்வலை அளவீடுகளின் மூலம் வடக்கு 17 பாகை வரை இது தொடர்வது அறியப்பட்டுள்ளது. கடலூர்க் கரையிலிருந்து நேர் கிழக்கே சென்றால் ஏறத்தாழ 1,100 கி.மீ. தொலைவில், வண்டலுக்கு அடியில் இம்முகடு கிடக்கிறது.

கண்டறிதல்

1960களின் தொடக்கத்தில் நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்களின்போது கடலின் ஆழம் விரிவாக அளக்கப்பட்டது. புரூஸ் ஈசன், மேரி தார்ப் ஆகியோர் 1964இல் வெளியிட்ட கடற்றரை வரைபடத்தில் இம்முகடு முழு உருவில் இடம்பெற்றது. இவ்வளவு நேரான மேடு எவ்வாறு உருவானது என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. பிளவுகளுக்கு இடையே மேலெழுந்த பாறைத்துண்டு என்றனர் சிலர். பிளவின் வழியே கற்குழம்பு கசிந்து உருவானது என்றனர் வேறு சிலர். துளையிட்டுப் பாறை எடுத்த பின்னரே விடை தெளிவாகத் தொடங்கியது. 1972இல் குளோமர் சேலஞ்சர் கப்பலும் 1988இல் ஜாய்டஸ் ரெசொல்யூசன் கப்பலும் இப்பணியைச் செய்தன.

தோற்றம்

புவியின் ஆழத்திலிருந்து கற்குழம்பு தொடர்ந்து மேலெழும் இடம் வெப்பப்புள்ளி எனப்படும். வெப்பப்புள்ளி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே உள்ள புவித்தட்டு நகர்கிறது. எனவே ஒன்றன்பின் ஒன்றாக எரிமலைகள் தோன்றி வரிசையாக அமைகின்றன. தொண்ணூறு கிழக்கு முகட்டை உருவாக்கியது, இன்று தென்னிந்தியப் பெருங்கடலில் கெர்கூலன் தீவுகளின் பகுதியில் உள்ள வெப்பப்புள்ளி என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சார்க்கண்டில் உள்ள இராசமகால் எரிமலைப் பாறைகளையும் பலர் இதே வெப்பப்புள்ளியுடன் தொடர்புபடுத்துவர்.

இதற்குச் சான்றுகள் இரண்டு. முதலாவது, பாறைகளின் அகவை. வடபகுதிப் பாறைகள் ஏறத்தாழ 7.7 கோடி ஆண்டுகள் பழமையானவை. தென்முனைப் பாறைகள் 4.3 கோடி ஆண்டுகள் மட்டுமே பழமையானவை. அகவை தெற்கு நோக்கிச் சீராகக் குறைவதைக் கொண்டு, அக்காலத்தில் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. வேகத்தில் வெப்பப்புள்ளியைக் கடந்து சென்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. புவித்தட்டுகளுக்கு இது மிகப் பெரிய வேகம். இரண்டாவது, காந்தச் சான்று. குழம்பு ஆறி இறுகும்போது அவ்விடத்துக் காந்தப்புலத்தின் சாய்வு பாறையில் பதிந்துவிடும். இன்று வடக்கு 5 பாகையில் உள்ள துளையில் கிடைத்த பாறையின் சாய்வு, அது தெற்கு 50 பாகையை அடுத்துப் பிறந்தது எனக் காட்டுகிறது. கெர்கூலன் தீவுகள் இருப்பதும் ஏறத்தாழ அந்த அகலக்கோட்டிலேயே.

4.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடற்றரை விரியும் பிளவு, வெப்பப்புள்ளிக்கும் முகட்டுக்கும் இடையே அமைந்தது. அதன் பின்னர் வெப்பப்புள்ளி அண்டார்க்டிக்கத் தட்டின் அடியில் சென்றுவிட்டதால் முகடு வளர்வது நின்றது.

மூழ்கிய தீவுகள்

தெற்கு 11 பாகையை அடுத்து, 1,650 மீட்டர் ஆழ நீரில் இடப்பட்ட துளையில் எவரும் எதிர்பாராத பொருள் கிடைத்தது: பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரியின் வகையே இது. அகவையும் பிறந்த இடமும் வேறு. நிலக்கரி உருவாகத் தாவரங்களும் சதுப்பு நிலமும் வேண்டும். எனவே அப்பகுதி முன்பு நீருக்கு மேல் தீவாக இருந்துள்ளது. அதிலிருந்த மகரந்தத் தூளை ஆராய்ந்து, அத்தீவில் வளர்ந்த செடிகொடிகளைப் பற்றி 1975இல் கெம்ப், ஆரிசு ஆகியோர் எழுதினர். எரிமலை ஓய்ந்து, அடியிலுள்ள தட்டு குளிர்ந்து கனத்தபோது தீவுகள் மெல்ல அமிழ்ந்தன. நிலக்கரிக்கு மேலே ஆழமற்ற கடலின் படிவும் அதற்கு மேலே ஆழ்கடற் படிவும் வரிசையாக அமைந்திருப்பது இதனை உறுதிசெய்கிறது.

கடலில் மூழ்கிய நிலம் என்றவுடன் குமரிக்கண்டத்தை நினைப்பது தமிழருக்கு இயல்பு. ஆனால் அத்தீவு பசுமையாக இருந்தது ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்; இன்றைய மனித இனத்தின் வரலாறோ 3 இலட்சம் ஆண்டுகள் அளவினது. இவை எரிமலைத் தீவுகளே. கண்டத்தின் எச்சங்கள் அல்ல. ஆதலால் இம்முகட்டைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

நிலநடுக்கங்கள்

எரிமலை ஓய்ந்தபோதிலும் இப்பகுதி அமைதியானதன்று. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் தாங்கும் தட்டு ஒரே தட்டாக இன்றி மெல்லப் பிளவுறுவதாகக் கருதப்படுகிறது. இமயமலை இந்தியாவைத் தடுக்க, ஆஸ்திரேலியப் பகுதி தடையின்றிச் சுமாத்திராவின் அடியில் நுழைவதே காரணம். 2012 ஏப்ரல் 11இல் முகட்டின் கிழக்கே 8.6, 8.2 அளவுள்ள இரு நிலநடுக்கங்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேர இடைவெளியில் நிகழ்ந்தன. அதிர்வு சென்னையிலும் உணரப்பட்டது. 2004 ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த தமிழ்நாட்டுக் கரையில் மக்கள் மீண்டும் அச்சமுற்றனர். ஆனால் 2004இல் சுந்தா அகழியில் கடற்றரை மேலெழுந்து நீரைத் தள்ளியது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. ஆகவே சிறிய அலைகளே எழுந்தன.

எண்பத்தைந்து கிழக்கு முகடு

வங்காள விரிகுடாவில் இதற்கு மேற்கே, தமிழ்நாட்டுக்குச் சற்று அருகில், 85 பாகையை ஒட்டி மற்றொரு முகடு உள்ளது. இதன் வடபகுதி முழுவதும் வண்டலுள் புதைந்துள்ளது. அங்கு ஈர்ப்புவிசை, மேடுகளில் எதிர்பார்க்கப்படுவதற்கு மாறாக, சுற்றுப்புறத்தைவிடக் குறைவாகப் பதிவாகிறது. இதன் தோற்றம் குறித்து ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.